அது என்ன சாப்பிட்டிருக்கு?

எங்கள் மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டில் இருக்கிற அம்மா என்னை லிஃப்டுக்குள் பிடித்துக்கொண்டால் தப்ப வழியில்லை. கதவு மூடியதும் கைப்பையைத் திறப்பார். உள்ளே ஒரு டப்பா இருக்கும். போன மாதம் பச்சைத் தூள், இந்த மாதம் மஞ்சள் தூள். இரண்டுமே எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாம். "நீங்கள் லெப்பில வேலை செய்தனீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாததோ?" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் டப்பாவைக் கொண்டுபோய் வெள்ளவத்தைக் கடலில் கொட்டுவீர்கள் என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் என் தட்டு வந்துவிடும்.

இது போதாதென்று போன கிழமை நஸ்ரின் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியின் குருதிப் பரிசோதனைக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. தெஹிவளைப் பிள்ளை, கெட்டிக்காரி.

"மிஸ், லெப்புக்குப் புது மிஷின் வருது. அதுவே செல்லையெல்லாம் ஃபோட்டோ எடுத்துப் பிரிச்சுத் தரும். தொறப்பு விழாவுக்கு மலர் ஒண்டு போடுறோம். நீங்க இருந்த காலத்தப் பத்தி எழுதித் தாங்களேன்."

"அதுக்கென்ன, எழுதுறன்."

"கடைசில எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிடணும்னு ரெண்டு வரி போட்டீங்கன்னா எல்லாரும் வாசிப்பாங்க மிஸ்."

என்னிடம் படித்த பிள்ளை இப்படிக் கேட்கிறாள். தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் எனக்கு ஆத்திரம் அடங்கியது. சரி, எழுதுகிறேன். என்ன சாப்பிட வேண்டும் என்பதில்தான் இந்தக் கதை முழுக்கவும் கிடக்கிறது. ஆனால் நஸ்ரின் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். உயர்தரப் பரீட்சையில் மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. பயிற்சியில் எங்களை வாட்டியெடுத்த பாடம் ஒன்று உண்டு. ஈரல், மண்ணீரல், சுவாசப்பை, எலும்பு மச்சை என்று உடம்பு முழுக்கப் பரந்து கிடந்து, கிருமிகளையும் வேண்டாத துணிக்கைகளையும் விழுங்குகிற கலங்களின், நஸ்ரின் சொல்கிற செல்களின், கூட்டம். அதற்கு வலைப்பின்னல் அகவணித் தொகுதி என்று வாய்க்குள் அடங்காத பெயர். இரவு பகலாகப் பாடமாக்கினோம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், அந்தப் பெயர் பிழை, இனி வேறு பெயர் என்று புத்தகங்களில் மாற்றிவிட்டார்கள். கலங்கள் தங்கள் பாட்டில் விழுங்கிக்கொண்டுதான் இருந்தன. பாடமாக்கின நாங்கள்தான் முட்டாள்கள்.

இந்தக் கலங்களைப் படைவீரர் என்று சுவரொட்டிகளில் வாளும் கேடயமும் கொடுத்து வரைகிறார்களே, அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படையுமில்லை, வீரமுமில்லை. துப்புரவு வேலை. கிருமி வந்தால் விழுங்கும். தூசி வந்தால் விழுங்கும். இரத்தத்தில் வயதுபோன செங்குழியத்தை விழுங்கி, அதிலிருக்கும் இரும்பை எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும். ஒரு நன்றி கிடையாது. அதில் பெரிய உருவமுடையதைப் பெருந்தின்குழியம் என்போம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிழிந்த துணி மாதிரி ஓரம், நுரைத்த உடம்பு. அழகென்று சொல்ல முடியாது.

அதை எனக்குச் சரியாகக் காட்டித் தந்தவர் டொக்டர் சவரிமுத்து. குருதி நோய்களுக்கான பெரிய டொக்டர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், கார் இருந்தும் பஸ்ஸில்தான் வருவார். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஏசவே மாட்டார். ஏசினால் அழுதுவிட்டாவது போகலாம். நாங்கள் பார்த்து முடித்த ஸ்லைட்டைத் தான் ஒருமுறை பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியால் துடைப்பார், தன் கதிரையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு "இன்னொருக்கா" என்பார். அவ்வளவுதான். பிழையா, சரியா, எங்கே பிழை, ஒன்றும் வராது. சரியாகப் பார்த்த ஸ்லைட்டுக்கும் சிலவேளை "இன்னொருக்கா" வரும். அவருடைய அந்த ஒரு சொல்லுக்காகவே இடமாற்றம் கேட்டுப் போனவர்கள் உண்டு.

பெருந்தின்குழியம் ஒன்று அகப்பட்டால் மட்டும் அவர் குரல் மாறும். கண்வில்லைக்குள் இருக்கிற முள்ளை அதன்மேல் நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"இது ஆர்?"

பெயரைச் சொல்வோம்.

"அது எனக்கும் தெரியும். என்ன சாப்பிட்டிருக்கு?"

அதுதான் அவருடைய கேள்வி. கலத்தின் பெயரைச் சொல்வது பெரிய விஷயமில்லை, அதன் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுத்தப் பொடி கிடந்தால் மலேரியா வந்துபோன ஆள். சின்னச் சின்ன முட்டை மாதிரி ஒட்டுண்ணிகள் கிடந்தால் வேறு நோய். பழைய செங்குழியத் துண்டுகள் என்றால் வழக்கமான துப்புரவு வேலை, கவலையில்லை. புதுப் பிள்ளைகள் மத்தியான நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுத் தங்களைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து "இன்னும் இல்லை சேர்" என்று சொல்வதும் நடக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

எலும்பு மச்சை எடுக்கிற நாளில் நான் அவரோடு வாட்டுக்குப் போக வேண்டும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு அவர் உறிஞ்சி எடுப்பதை நான் உடனே ஸ்லைட்டில் விட்டு இழுக்க வேண்டும். சிவப்புத் துளிக்குள் ரவை மாதிரித் துணிக்கைகள் தெரியும். இன்னொரு கண்ணாடியைச் சரித்துப் பிடித்து ஒரே இழுவை. கை நடுங்கினால் பூச்சு படி படியாக விழும், அமத்தினால் கலங்கள் நசியும். இழுத்ததும் காற்றில் விசிறிக் காயவிட வேண்டும். கொழும்பு வெக்கையில் சும்மா வைத்தால் ஈரம் குடித்துக் கலங்கள் சுருங்கிவிடும். மின்விசிறிக்குக் கீழே பிடித்தால் தூசி விழும் என்று அதற்கும் விடமாட்டார். கட்டிலடியில் நின்று கையை விசிறிக்கொண்டே இருப்பேன். வாட்டில் இருக்கிற சனமெல்லாம் இந்த மனிசிக்கு என்ன பிடித்தது என்று பார்க்கும்.

பிறகு பார்ப்பதிலும் ஒரு முறை. எல்லோரும் ஸ்லைட்டின் நடுவிலிருந்து தொடங்குவார்கள். அங்கேதான் கலங்கள் ஒழுங்காகப் பரவியிருக்கும். டொக்டர் சவரிமுத்து கரையிலிருந்து தொடங்குவார், அதுவும் இழுவை முடிகிற வால் பக்கத்துக் கரை. பெரிய கலங்கள் பாரமானவை, இழுக்கிறபோது கரைக்குத்தான் இழுபட்டுப் போகும். எனவே எங்களுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் ஓரத்தில், அழுக்கும் சாயமும் தடித்துக் கிடக்கிற இடத்தில்தான் நிற்பார்கள்.

எங்கள் கூடத்தில் கந்தசாமி அண்ணை என்று ஒரு மூத்தவர் இருந்தார். சாயம் போடுவதில் அவரை வெல்ல ஆளில்லை. சுத்தத்திலும் அப்படித்தான். மேசையில் ஒரு துளி நீலம் பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. தரம் பார்க்கிற ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தாலும் வந்தது, அவர் சும்மா நிற்கவில்லை. சாயம் போட்ட ஸ்லைட்டுகளைத் தட்டில் அடுக்க முன்னர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுற்றிவரக் கரை துடைத்து, படச்சட்டம் போட்ட மாதிரி அழகாக்கி வைப்பார். கரையைத் துடைக்க வேண்டாமென்று நான் ஒருமுறை சொன்னேன். "எல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். தெரியுமென்று சொல்கிறவருக்கு என்னத்தைச் சொல்ல!

இந்த நேரத்தில்தான் மகேஷ் நோயாளியாக வந்து சேர்ந்தான். முப்பது வயதும் ஆகவில்லை. புறக்கோட்டையில் வெங்காய மொத்தக் கடையொன்றில் வேலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லை, அக்கா சரோஜாதான் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்து தம்பியை வளர்த்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள்.

அவனுக்கு டெங்கு. அந்த மழைக்காலத்தில் வாட்டெல்லாம் டெங்குதான், நடைபாதையிலும் கட்டில் போட்டிருந்தார்கள். டெங்கு என்றால் காய்ச்சல் விட்டதும் குறைந்துபோன, இரத்தத்தை உறைய வைக்கிற குருதித் தட்டுக்கள் ஏறத் தொடங்க வேண்டும். இவனுக்குக் காய்ச்சல் விட்டுத் திரும்பவும் பிடித்தது. தட்டுக்கள் ஏறவில்லை. வெண்குழியமும் செங்குழியமும் சேர்ந்து விழுந்தன. மண்ணீரல் வீங்கியது. வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஹிமாலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிருமியை விழுங்க எழும்பின கலங்கள் கிருமி போன பிறகும் அடங்காமல், சொந்த இரத்தத்தையே விழுங்கத் தொடங்கிவிட்டனவோ என்று. அபூர்வமாக அப்படி நடக்கும். விட்டால் ஆள் தப்பாது. அடக்குவதற்கு மருந்து உண்டு, ஸ்டெரொயிட். ஆனால் சந்தேகத்தில் அதைக் கொடுத்து, உள்ளே வேறு கிருமி இருந்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். எலும்பு மச்சையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

ஊசி போடும்போது மகேஷ் திரும்பி என்னைப் பார்த்தான்.

"எலும்புக்குள்ளயும் கொசு போயிருச்சா மிஸ்?"

"இல்லை தம்பி, அசையாமல் படுங்கோ" என்றேன். எனக்கு ஸ்லைட் காய வேண்டும்.

கூடத்துக்கு வந்து ஒரு ஸ்லைட்டைச் சாயம் போடாமல் என் மேசையில் வைத்துவிட்டு மற்றவற்றைக் கந்தசாமி அண்ணையிடம் கொடுத்தேன். ஒன்று எப்போதும் வெறுமனே இருக்க வேண்டும் என்பது டொக்டர் சவரிமுத்துவின் சட்டம். சாயம் போட்டு வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் பார்த்தார். "இன்னொருக்கா." பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு அவர் ஒரு ஸ்லைட்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இதின்ர கரை எங்க?"

"துடைச்சனான் சேர்" என்றார் கந்தசாமி அண்ணை, பெருமையோடு. "ஒரே அழுக்கு."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"கந்தசாமி, நாங்கள் அந்த அழுக்கைத்தான் தேடுறம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பஞ்சுப் போத்தலைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒரு பிள்ளையின் உயிர் மேலே கட்டிலில் கிடக்கிறது, இவர் கீழே அழகு பார்க்கிறார். டொக்டர் என் மேசையில் இருந்த வெறும் ஸ்லைட்டை எடுத்துத் தானே சாயம் போட்டார். கைவிரலெல்லாம் ஊதா. கழுவி, நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, கரையிலிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முள் நின்றது.

"இது ஆர்?" என்று கேட்கவில்லை. "வந்து பாருங்கோ" என்றார்.

வால் ஓரத்தில் நின்றது. ஊதி வெடிக்கிற மாதிரி ஒரு பெருந்தின்குழியம். உள்ளே செங்குழியங்கள், பழசு இல்லை, வயது போகாத முழுச் செங்குழியங்கள். பக்கத்தில் ஒரு வெண்குழியமும் பாதி கரைந்து கிடந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, அதற்கும் வயிறு நிறைய. சோதனைக்குப் பாடமாக்கினது எல்லாம் ஒரு பக்கம். ஒரு மனிசனின் உடம்பு அவனையே தின்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

டொக்டர் ஹிமாலிக்குச் சொல்லியாயிற்று, மருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். அப்போது வாட்டிலிருந்து எனக்கு அழைப்பு. வாட்டில் சிங்களம்தான் பேச்சு, தமிழ் நோயாளி என்றால் லெப் மிஸ்ஸைக் கூப்பிடு என்பது அங்கே எழுதாத சட்டம். சம்பளம் பரிசோதனைக்கு, வேலை மொழிபெயர்ப்புக்கு. மேலே போனால் சரோஜா கட்டிலுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வருவதற்கு முன்னர் ஒரு சிற்றூழியர் அரைகுறைத் தமிழில் விளங்கப்படுத்திவிட்டார். தம்பியின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்க ஊசி போடப் போகிறார்கள் என்று.

"என்னா மிஸ் இது? அவனுக்கு ஒடம்புல சக்தியே இல்ல. இருக்கிறதயும் கொறைக்கப் போறாங்களாம். நான் விடமாட்டேன். வேற எங்கயாச்சும் கொண்டு போறேன்."

"சரோஜா, கொண்டு போற வழியில என்னவும் நடந்தால்?"

"இங்க வச்சுக் கொல்றதுக்கு அது பரவால்ல."

மகேஷைக் கேட்டால், "அக்கா சொல்றதுதான்" என்று முனகினான். நான் சொன்னேன். அந்தக் கலங்கள் இவனுடைய இரத்தத்தை விழுங்குகின்றன, அவற்றைத்தான் அடக்கப் போகிறார்கள், இவனை இல்லை என்று. ஒருமுறை, இருமுறை. சுவருக்குச் சொல்வது மாதிரி இருந்தது. கடைசியில் அவள் என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"ஓம். இப்ப பார்த்துப்போட்டுத்தான் வாறன்."

"அப்ப எனக்கும் காட்டுங்க."

எந்தக் கூடத்திலும் இது நடக்காது. டொக்டர் சவரிமுத்து கட்டாயம் மறுப்பார் என்ற நம்பிக்கையில்தான் கீழே தொலைபேசி எடுத்தேன். "கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். சில மனிசர் நாங்கள் எதிர்பார்க்கிற நேரத்தில் சட்டம் பேசவே மாட்டார்கள்.

அவளைத் தன் கதிரையில் இருத்தினார். முதலில் அவளுக்குத் தன் கண்மயிர்தான் தெரிந்தது. பிறகு வெறும் ஊதா. நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் ஒரு அவசரமும் இல்லாமல் குமிழைத் திருப்பி, "முள்ளின்ர நுனியைப் பாருங்கோ தங்கச்சி" என்றார். அவள் திடீரென்று மூச்சை இழுத்தாள்.

"இந்தப் பெருசா?"

"ஓம். உள்ளுக்குச் சிவப்பா வட்டம் வட்டமாத் தெரியுதோ?"

"தெரியுதுங்க."

"அது உங்கட தம்பியின்ர இரத்தம்."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இது எவ்வளவு திங்கும்?"

"கிடைக்கிறதெல்லாம் சாப்பிடும். அதைத்தான் நிப்பாட்டப் போறம்."

எழும்பி வந்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டாள். கந்தசாமி அண்ணை அவளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் மனிசன்தான், சொல்லத்தான் வேண்டும்.

ஊசி தொடங்கியது. காய்ச்சல் இறங்கியது. தட்டுக்கள் மெல்ல மெல்ல ஏறின. ஊசியிலிருந்து விழுங்குகிற குளிசைக்கு மாற்றினார்கள். அந்தக் கிழமை காலையில் எல்லா வேலைக்கும் முன்னர் அவனுடைய இரத்தத்தைத்தான் பார்ப்பேன். எண்கள் ஏறுவதைக் கண்டால் ஒரு சந்தோசம், மறைக்கத் தேவையில்லை.

பிறகு ஒரு காலை செங்குழியம் விழுந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் விழுந்தது. பையன் எழும்பி இருக்கவும் முடியாமல் கிடக்கிறான் என்று மேலே சொன்னார்கள். கலங்கள் திரும்பவும் தின்னத் தொடங்கிவிட்டன, இன்னும் கடுமையான மருந்துக்குப் போவோம் என்று டொக்டர் ஹிமாலி முடிவெடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான் ஸ்லைட்டைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் பிடிச்சிட்டுது போல சேர்" என்றேன்.

"இன்னொருக்கா."

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு சொல்லைத் தவிர இந்த மனிசனுக்கு வேறு சொல்லே கிடைக்காதா? குந்திப் பார்த்தேன். வெண்குழியம் விழவில்லை. தட்டுக்கள் விழவில்லை. செங்குழியம் மட்டும்தான். அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வழக்கத்தை விட நெடுநேரம்.

"எல்லாத்தையும் திண்ட கலம் இப்ப ஒண்டை மட்டும் தெரிஞ்செடுத்துத் தின்னுதோ?" என்றார். "இரத்தம் வேற எங்கையோ போகுது. யோகா மிஸ், இவ்வளவு நாளும் அது என்ன சாப்பிட்டிருக்கு எண்டு பார்த்தம். அவர் என்ன சாப்பிட்டிருக்கிறார் எண்டு ஆரும் கேட்டதோ?"

படியில் ஏறும்போது எனக்கு அது விசர்க் கேள்வியாகத்தான் பட்டது. ஒவ்வொரு நேரமும் சரோஜா சாப்பாட்டுக் கரியரோடு வாசலில் நிற்பதை ஆஸ்பத்திரியே கண்டிருக்கிறது. வீட்டுச் சாப்பாடு என்று எழுதிவிட்டுத் தாதிமாரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு நெரிசலில் ஆர் மூடியைத் திறந்து பார்ப்பது?

நான் திறந்தேன். மேல் தட்டு வெறும் தட்டு. நடுத் தட்டும் அப்படியே. கீழ்த் தட்டில் கொத்தமல்லித் தண்ணி.

"சோறு எங்க?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிற மாதிரி எனக்குக் கிட்ட வந்தாள். முகத்தில் ஒரு பெருமை.

"நான் அதுக்கு ஒன்னும் குடுக்கல்ல மிஸ்."

"எதுக்கு?"

"அந்தப் பெருசுக்குத்தான். கெடைக்கிறதெல்லாம் திங்கும்னு பெரிய டொக்டர் சொன்னாருல்ல? நான் என் கண்ணால பாத்தேன்ல? சாப்பாடு போட்டா அதுதானே கொழுக்கும். அம்மா இருந்தப்ப காய்ச்சல்னா எங்களுக்குப் பத்தியம்தான் வைக்கும். இது பெரிய காய்ச்சல், அதுனால பெரிய பத்தியம். அது பட்டினி கெடந்து சாகட்டும்னு விட்டுட்டேன்."

"குளிசை?"

"அதெல்லாம் நேரம் தவறாமக் குடுத்தேன் மிஸ். இந்தத் தண்ணியிலதான்."

வெறும் வயிற்றில் ஸ்டெரொயிட் குளிசை, இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். தட்டுக்கள் இன்னும் பாதிக்குக் கூட வராத உடம்பு. நான் மகேஷிடம் கேட்டேன், வெளியே போனது என்ன நிறமென்று. வெட்கப்பட்டுக்கொண்டு, "கறுப்பு மிஸ், தார் மாதிரி" என்றான். யாரிடமாவது சொன்னாயா என்றால், ஒருவரும் கேட்கவில்லையாம். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் கீழே இருந்து பெருந்தின்குழியத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இடத்தில் நான் கத்தினேன். ஒளிப்பானேன், வாட்டுக்கே கேட்கக் கத்தினேன். "உமக்கு விசரோ? அது வயித்துக்குள்ள இருந்து சோறு தின்னுற புழுவெண்டு நினைச்சீரோ? நீர் பட்டினி போட்டது உம்மட தம்பியை!" அவள் முகத்திலிருந்த பெருமை ஒரேயடியாகப் போய்விட்டது. கரியரின் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பிக்கொண்டு, அவன் பசிக்குது என்று கேட்ட ஒவ்வொரு முறையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்திருக்கிறாள். அவளும் சாப்பிடவில்லை என்பதை மகேஷ்தான் பிறகு சொன்னான். அவன் பட்டினி கிடக்கத் தான் மட்டும் எப்படித் தின்பது என்று.

டொக்டர் ஹிமாலியிடம் ஓடினேன். வயிற்றுப் புண்ணுக்கு ஊசி போட்டார்கள், இரத்தம் ஏற்றினார்கள். கடுமையான மருந்து வேண்டாம் என்றாயிற்று. கசிவு நின்ற பிறகு மெல்ல மெல்லக் கஞ்சி கொடுக்கலாம் என்றார். அந்தக் கஞ்சியைக் கொடுக்க வைப்பதும் என் தலையில்தான் விழுந்தது.

சரோஜா கரண்டியை எடுத்தாள். அவன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது.

"இல்ல மிஸ். அது முழிச்சுக்கிட்டா?"

"முழிக்காது. அதை மருந்து பார்த்துக்கொள்ளும். நீர் தம்பியைப் பாரும்."

"நீங்க பாக்கல்லியே மிஸ், இப்ப பாக்கல்லியே, அது தூங்குதான்னு..."

சத்தியமாக எனக்குத் தலை வெடித்தது. அவளுக்குக் காட்டியிருக்கவே கூடாது என்று அந்த நிமிடம் நினைத்தேன். காட்டாவிட்டால் அவன் அந்த ஊசி கிடைக்காமலே போயிருப்பான் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அப்போது கட்டிலில் கிடந்தவன் தலையைத் தூக்கி, கரண்டியைப் பிடித்திருந்த அவள் கையைத் தன் பக்கம் இழுத்தான்.

"அக்கா, அது தின்னா தின்னுட்டுப் போகட்டும். எனக்குப் பசிக்குது."

விழுங்கினான். அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கரண்டி. அதற்கு அடுத்தது. கண்ணீர் கஞ்சிக்குள் விழப்போகிறது என்று நான்தான் கிண்ணத்தைத் தள்ளிப் பிடித்தேன்.

கீழே வந்தேன். டொக்டர் சவரிமுத்து நுணுக்குக்காட்டியிலிருந்து நிமிராமலே கேட்டார், "என்ன சாப்பிட்டிருக்கிறார்?"

"இவ்வளவு நாளும் கொத்தமல்லித் தண்ணி, சேர். இப்ப கஞ்சி."

கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை, மேசையில் வைத்துவிட்டார். கிடைக்கிறதெல்லாம் சாப்பிடும் என்று சொன்னவர் அவர்தானே. அதற்குப் பிறகு எந்த நோயாளியின் ஆட்களோடு கதைத்தாலும், கடைசியில் "நல்லாச் சாப்பிடக் குடுங்கோ" என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டதில்லை. கால் முறிந்தவனுக்கும் அதையே சொன்னார்.

நஸ்ரின், இது போதுமா? உங்கள் மிஷின் ஸ்லைட்டின் நடுவைத்தான் படம் எடுக்குமாம், கரையைத் தொடாதாம். நீயே சொன்னாய். கரையைப் பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள். பஞ்சுப் போத்தலைப் பூட்டி வை. எதிர்ப்பு சக்தி கூட என்ன சாப்பிட வேண்டும் என்று என்னிடம் கேட்காதே.

மகேஷுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், வெங்காயக் கடையில்தான் இன்னும் நிற்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி சரோஜா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, அதே மாதிரி ஒரு கரியரோடு வெள்ளவத்தைக்கு வருவாள். இந்த வருடம் லிஃப்டுக்குள் மூன்றாம் தட்டு அம்மா அவளையும் பிடித்து, மஞ்சள் தூளைக் காட்டியிருக்கிறார். "அதெல்லாம் வாணாங்க அம்மா, நேரத்துக்குச் சோறு திங்கச் சொல்லுங்க" என்று இவள் சொல்ல, அந்த அம்மா என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் சரோஜாவோடு எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. கரியரைத் தந்துவிட்டுப் போகமாட்டாள். பிறகு சாப்பிடுகிறேன், வைத்துவிட்டுப் போம் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன். கேட்கமாட்டாள். மூன்று தட்டையும் தானே திறந்து, சோறு இருக்கிறது, கறி இருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டு முன்னால் இருந்துகொள்வாள். நான் ஒவ்வொரு வாயாக எடுத்து விழுங்கி முடிக்கும் வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.